நாற்பதுக்கு மேல் விரல், நாற்பதுக்குக் கீழ் களிம்பு

சென்ற வாரம் ஆரணியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். என்னிடம் கடைசியாகத் தொழில் பழகியவர். இப்போது சொந்தமாகப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒரு முகாம் நடத்தப் போகிறார்களாம். அச்சடித்து வந்த படிவத்தில் 'நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள்' என்று போட்டிருக்கிறதாம். முன்பெல்லாம் ஐம்பது என்று போடுவார்கள். இளம் வயதிலேயே அதிகமாக வருகிறது என்பதால் சில நாடுகளில் ஐந்து வருடம் கீழே இறக்கிவிட்டார்கள்; அதைப் பார்த்து நம் படிவமும் இறங்கியிருக்கிறது. "உங்க காலத்துல இது வயசானவங்க வியாதின்னுதானே சார் சொல்லுவாங்க? சின்ன வயசுல யாரையாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

பார்த்திருக்கிறேன். பார்க்காமல் விட்டும் இருக்கிறேன். இதைப் போனில் சொன்னால் அவருடைய பொறுமையும் என்னுடைய மூச்சும் போதாது என்பதால் எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வருடம் நான் பிறருடைய மலத்தை உற்றுப் பார்த்துக் குடும்பம் நடத்தியவன். சிறுநீர், சளி, இரத்தம் எல்லாம் பார்த்தேன்தான். ஆனால் ஊர் என்னை நினைவில் வைத்திருப்பது முதலில் சொன்னதற்காக. கல்யாண வீடுகளில் யாராவது உங்கள் வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டால் என் மனைவி, "மைக்ராஸ்கோப்பில்" என்பாள். கேட்டவர்கள் அதை ஏதோ வடநாட்டுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நகர்ந்துவிடுவார்கள்.

வேலூரில் ஒரு வருடம் படித்தேன். அந்தப் படிப்பில் கற்றதில் இன்றுவரை மறக்காதது வாயால் மூச்சு விடுவது மட்டும்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரணிக்கு வந்தேன். பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து அறக்கட்டளை வைத்துக் கட்டிய இருபது படுக்கை மருத்துவமனை அது. வாசலில் பளிங்குக் கல்லில் ஒரு நீளமான பெயர் வெட்டியிருந்தது. அதை யாரும் முழுதாகப் படித்து நான் கேட்டதில்லை. ஊருக்கு அது தறிக்காரர் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், மூன்று நர்சுகள், ஒரு கம்பவுண்டர், நான். என் அறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல், அதன் வழியாக வரும் வெயிலைக் கண்ணாடியில் பிடித்துத்தான் மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம். பதினொரு மணிக்கு மேல் வெயில் கூரைக்கு ஏறிவிடும். என் அறிவும் அதோடு போய்விடும். மேற்கே இன்னொரு ஜன்னல். அதற்கு வெளியேதான் க்யூ.

இப்போது மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா தருகிறார்கள், உள்ளே குட்டிக் கரண்டிகூட இருக்கிறது. அன்று தீப்பெட்டிதான். வீட்டில் குச்சி தீர்ந்த பெட்டி எதுவோ அதில் கொண்டுவருவார்கள். ஜவுளி வியாபாரி ஒருவர் புடவை வைக்கும் அட்டைப் பெட்டியில் கொண்டுவந்தார். உள்ளே மெல்லிய காகிதம்கூட மடித்து வைத்திருந்தது. நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "முந்தி எந்தப் பக்கங்க?" என்று கேட்டேன். க்யூவில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த ஜன்னலில் நின்று பெயரை உரக்கக் கூப்பிட்டு, கூடவே ஒரு வார்த்தை எடுத்துவிடுவது என் வழக்கம். நோயாளிகளின் மனப்பாரம் குறையும் என்பது என் கொள்கை. என்னுடைய பாரம் குறைந்தது என்னவோ உண்மை.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் எனக்குப் பிடித்தது. மூன்று நாள் கறி மீன் கூடாது, கீரை கூடாது, சத்து மாத்திரை கூடாது. பிறகு கொண்டுவரும் பெட்டியிலிருந்து பட்டாணி அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவைத்து ஆறவைக்க வேண்டும். பென்சிடின் என்று ஒரு தூள். அதில் கத்திமுனை அளவு எடுத்து அசெட்டிக் அமிலத்தில் கரைத்து இதோடு சேர்த்து, மேலே ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால், இரத்தம் இருந்தால் நிறம் ஏறும். முதலில் பச்சை, பிறகு நீலம், அதிகமாக இருந்தால் நொடியில் கறுத்த நீலம். புத்தகத்தில் இதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டல் குறி போடச் சொல்லியிருந்தது. பட்டின் நிறத்தாலேயே ஊர் பிழைக்கும் இடத்தில் கூட்டல் குறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் இலைப்பச்சை, மயில்கழுத்து, கருநீலம் என்று எழுத ஆரம்பித்தேன். டாக்டர் ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் நாள் ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி, "இது மயில்கழுத்தா, அதுல கொஞ்சம் இறக்கமா?" என்று கேட்டார். அதன்பின் அதுவே எங்கள் ஆஸ்பத்திரியின் அளவுகோல் ஆயிற்று.

அந்தப் பென்சிடின் தூளே புற்றுநோய் தரும் என்று பிற்பாடு கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்கள். எதைத் தேடிக்கொண்டிருந்தேனோ அதையே கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தேடியிருக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் நன்றாக இருக்கிறேன் என்பதைப் பெருமையாகச் சொல்லலாமா, அடக்கி வாசிக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

டாக்டர் தேவசகாயம் தெற்கத்திக்காரர். மனிதர் ஒரு நாளைக்குப் பேசும் வார்த்தைகளை ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். என் ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க மாட்டார். பச்சை மையில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். ஆறு வருடத்தில் எனக்கு நான்கு கேள்விக்குறி வந்திருந்தது. நான்கும் எந்தெந்த நாள் என்று இன்றும் சொல்லுவேன். ஒவ்வொரு நோயாளியைப் பார்த்த பிறகும் சோப்புப் போட்டு, மனத்துக்குள் முப்பது எண்ணிக் கை கழுவுவார். அவசரக் கேஸ் வாசலில் நின்றாலும் இருபத்தெட்டில் நிறுத்தமாட்டார்.

அப்போது ஆரணியில் மலத்தோடு இரத்தம் போனால் அதற்கு நோய் என்று பெயரில்லை. சூடு என்று பெயர். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருப்பவருக்குச் சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? துத்தி இலையை வதக்கித் தின்பார்கள், மோர் குடிப்பார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் சூட்டுக்குப் பதவி உயர்வு கொடுத்து மூலம் என்பார்கள். அதற்கு மேல் பதவி கிடையாது. ஆள் இறந்துபோனாலும் மூலத்தில் போனார் என்றுதான் சொல்வார்கள்.

டாக்டர் இந்தச் சூட்டை நம்பவில்லை. ஆனால் அவருடைய புத்தகங்களும் குடலில் வரும் புற்று வயதானவர்களின் நோய் என்றே சொல்லியிருந்தன. எனவே அவரிடம் ஒரு விதி இருந்தது: நாற்பதுக்கு மேல் விரல், நாற்பதுக்குக் கீழ் களிம்பு. அதாவது, இரத்தம் போகிறது என்று வந்தவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தால் கையுறை போட்டு ஆசனவாய்க்குள் விரல் விட்டுத் தடவிப் பார்ப்பார். அதற்குக் கீழே என்றால் மூலக் களிம்பு எழுதி அனுப்புவார். ஒரு டாக்டர், ஒரு நாளைக்கு நூறு பேர். எல்லோரையும் தடவிப் பார்க்க நேரம் ஏது? இந்த விதியை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கம்பவுண்டர் முதல் கூட்டும் அம்மாள் வரை எல்லோருக்கும் தெரியும். நான் அதைத் தாளம் போட்டுச் சொல்வேன்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு பங்குனி மாதம். ஊரில் தேர். ஆஸ்பத்திரியில் ஈ, காக்கை இல்லை. எனக்கு அன்று வந்தது ஒரே ஒரு பெட்டி. சேவூரிலிருந்து கன்னியம்மாள் என்ற அம்மாள், ஆஸ்பத்திரிச் சீட்டான டிக்கெட்டில் வயது ஐம்பத்தாறு, இரண்டு மாதமாக இரத்தம் போகிறது என்று எழுதியிருந்தது. திடமான உடம்பு, குரலும் அப்படியே. பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு, என் வாயிலிருந்து எதுவும் வருவதற்குள் வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரத்த அணுக்கள், சளி, கூடவே உருண்டைப்புழு முட்டைகள். பழுப்புப் பொன் நிறத்தில், ஓரம் நெளிநெளியாக, பார்க்க அழகாகவே இருக்கும். ஒவ்வொரு பார்வையிலும் ஐந்தாறு. பென்சிடின் போட்டேன். மயில்கழுத்தில் நிற்கவே இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் கருநீலம். ரிப்போர்ட்டை நானே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுத்தேன்.

ஐம்பத்தாறு வயது. விதிப்படி விரல். டாக்டர் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. சிறிய குழாய் விட்டும் பார்த்தார். சுத்தம். கன்னியம்மாள் இத்தனைக்கும் வாயைத் திறக்கவில்லை என்று உடன் இருந்த நர்ஸ் சொன்னார். டாக்டருக்குத் திருப்தி இல்லை. உட்புறம் மேலே எங்கோ இருக்கலாம் என்று வார்டில் சேர்த்துவிட்டார். நர்ஸ் கண்காணிப்பில் தயிர்ச் சோறு, பன். மூன்று நாள், மூன்று பெட்டி. மூன்றையும் பார்த்தேன். இலைப்பச்சைகூட இல்லை, தண்ணீர் நிறம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான்கு ரிப்போர்ட்டுகளும் ஒன்றாக ஊசி குத்தி எனக்குத் திரும்பி வந்தன. முதல் ரிப்போர்ட்டின் ஓரத்தில் பச்சை மை. ஐந்தாவது கேள்விக்குறி.

அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பெட்டியை மாற்றிவிட்டாயா என்று அர்த்தம். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய வசவு இல்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டு என்னை யாரும் உயர்வாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அடுத்து நான் செய்தது எதுவும் ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காக அல்ல. என் பெயரைக் காப்பாற்றுவதற்காக.

நோட்டைத் திறந்து நான்கு ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இரத்தம் நின்று நின்று வரும். இன்று இருக்கும், நாளை இராது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் புழு? முதல் பெட்டியில் பார்வைக்கு ஐந்தாறு முட்டை. அடுத்த மூன்று பெட்டியிலும் ஒன்றுகூட இல்லை. ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் முட்டை இடும். தேருக்கு லீவு எடுத்துக்கொள்ளாது. வார்டுக்குப் போய்க் கன்னியம்மாளின் அட்டையைப் பார்த்தேன். புழு மாத்திரை கொடுக்கவில்லை.

டாக்டரிடம் போய் நின்றேன். புழு விஷயத்தைச் சொன்னேன். அன்று வந்தது ஒரே பெட்டிதான் என்று நோட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப முதல் பெட்டி வேற வயிறு" என்றார்.

"ஆமா சார்."

"உங்க மேசையில மாறல."

"இல்ல சார்." இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"யாரு வயிறு?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் மேசையில் மாறவில்லை என்பதோடு என் வழக்கு முடிந்துவிட்டது. அவருக்கு அங்கேதான் ஆரம்பித்தது. கருநீலம் ஏறிய இரத்தத்தோடு யாரோ ஒருவர் வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறார்.

வார்டில் கன்னியம்மாள் தட்டில் தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் நாள் கொண்டுவந்த பெட்டி உங்களுடையதுதானா என்று கேட்டேன். தட்டை நகர்த்தி வைத்தார். அக்கம்பக்கக் கட்டில்களைப் பார்த்தார்.

"மெதுவா பேசு தம்பி. ஊருக்கே கூவாத."

மெதுவாகக் கேட்டேன்.

"எம் மருமவளுதுப்பா. வசந்தாவுது. ரெண்டு மாசமா போய்கினே இருக்குது. துத்தி இல, மோரு எல்லாம் ஆச்சி. எலும்பா போய்கினு வருது அந்தப் பொண்ணு. ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டன்றா. சரி, எம் பேர்ல நான் போறேன், குடுக்கற மருந்த கொண்டாந்து உனக்குத் தர்றேன்னேன். நீங்க இன்னாடான்னா மருந்து தராம படுக்க வெச்சிட்டீங்க."

டாக்டர் உள்ளே விரல் விட்டுப் பார்த்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"இன்னாத்த சொல்றது? பாத்தாத்தான் மருந்து குடுப்பாரோ இன்னாவோன்னு பல்ல கடிச்சிகினு கெடந்தேன்."

மருமகள் ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உன்னாலதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். "தையில அவ வந்தா. கையில பெட்டியோட க்யூல நின்னுகினு இருந்தா. முன்னாடி ஒரு பொண்ணு, புதுசா கல்யாணம் ஆனது போல. நீ அந்தப் பொண்ணு பேரச் சொல்லி, 'இன்னாம்மா பெட்டி கனக்குது, சீர்வரிசையா'ன்னு கேட்டியாம். அத்தினி பேரும் சிரிச்சாங்களாம். எம் மருமவ பெட்டிய முந்தானையில மறச்சிகினு அப்பிடியே திரும்பி வந்துட்டா. செத்தாலும் அந்த ஜன்னலாண்ட போவமாட்டேன்ட்டா."

சீர்வரிசை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை கன்னியம்மாள் சேவூருக்குப் போய் வசந்தாவைக் கையோடு அழைத்துவந்தார். நான் ஜன்னல் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். வசந்தாவுக்கு வயது இருபத்து நான்கு. விதிப்படி களிம்பு. டாக்டர் டிக்கெட்டைப் பார்த்தார், வயதைப் பார்த்தார், என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கையுறை எடுத்துவரச் சொன்னார். நர்சும் மாமியாரும் திரைக்குள் உடன் நின்றார்கள்.

வெளியே வந்து கை கழுவினார். நான் பழக்கத்தில் எண்ணினேன். முப்பது தாண்டி, அறுபது தாண்டியும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. விரல் எட்டும் தூரத்திலேயே கட்டி இருந்திருக்கிறது. ஒரு பக்கம் கெட்டியாக, நடுவில் புண்ணாக.

"இந்தப் பொண்ணோட அப்பா?" என்று கன்னியம்மாளைக் கேட்டார்.

முப்பத்தாறு வயதில் போய்விட்டார் என்றார். என்ன வியாதி? மூலம்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நாப்பதுக்குக் கீழ, இரத்தம் இருந்து, நாம களிம்பு குடுத்து அனுப்பினவங்க. உங்க நோட்டுல எத்தன பேர் இருப்பாங்க?"

அன்றே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து வசந்தாவை அனுப்பினார். அங்கே அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டி கீழேயே இருந்ததால் பழைய வழியை மூடி, வயிற்றின் இடது பக்கம் ஒரு வழி வைத்து, மலம் அதன் வழியே ஒரு பையில் விழும்படி தைத்தார்கள். இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு இது என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. வேலூரில் பதினெட்டு நாள் கன்னியம்மாள் கட்டிலுக்கு அடியிலேயே படுத்திருந்தார். அந்தப் பையைச் சுத்தம் செய்ய நர்சிடம் முதலில் கற்றுக்கொண்டவர் அவர்தான். மருமகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

இங்கே நானும் டாக்டரும் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு வருடத்துப் பக்கங்கள். நாற்பதுக்குக் கீழ், மயில்கழுத்தும் அதற்கு மேலும். பெயர்களைத் தனித்தாளில் எழுதி ஒவ்வொருவருக்கும் தபால் அட்டை போட்டோம். அட்டையில் மலம், இரத்தம் என்றெல்லாம் எழுதினால் தபால்காரர் தெரு முழுக்கப் படித்துக் காட்டிவிடுவார். அதனால், 'தங்கள் உடல்நலம் குறித்து டாக்டர் ஒருமுறை பார்க்க விரும்புகிறார். பயப்பட வேண்டாம்' என்று எழுதினேன். பயப்பட வேண்டாம் என்று படித்த எல்லோரும் பயந்துபோய் ஓடி வந்தார்கள். என் எழுத்து அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பலனைத் தந்ததில்லை.

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூலமேதான். களிம்பே போதுமானதாக இருந்தது. கண்ணமங்கலத்தில் கடை வைத்திருந்த ஒருவருக்கு டாக்டர் சந்தேகப்பட்டு வேலூருக்கு அனுப்பினார். ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்து எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கிய ஒருவர், முப்பத்து மூன்று வயது, அவருக்குப் போட்ட அட்டைக்கு அவருடைய அண்ணன் வந்தார். என் ஜன்னலில் அட்டையை வைத்தார். "தம்பி போன கார்த்திகையில பூட்டான் சார்" என்றார். அட்டையை என்னிடமே விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவருக்கு என்ன இருந்தது என்று எங்களுக்கு இனித் தெரியாது. அவருடைய டிக்கெட்டில் டாக்டரின் கையெழுத்தில் களிம்பு என்று இருந்தது.

அடுத்த நாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். "வயசு டிக்கெட்டுல இருக்கட்டும். என் விரல்ல வேணாம். இரத்தம்னு வந்தா எல்லாரையும் பாப்பேன். நேரமாகும். காத்திருக்கச் சொல்லுங்க." ஒரு நாளைக்கு நூறு பேர் என்பது மாறவில்லை. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரம் ஒன்றிலிருந்து இரண்டரைக்குப் போயிற்று. பத்து வருடம் கழித்து அவர் ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்தது. பெரிய டாக்டர்கள் கூடும் மாநாடுகளில் இதையெல்லாம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆரணியில் இருபது படுக்கை ஆஸ்பத்திரியில், படிவங்கள் ஐந்து வருடம் கீழே இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே, இரத்தத்தோடு வந்தவர்களுக்கு ஒருவர் வயது வரம்பை எடுத்தே விட்டார். நான் அவரிடம் வேலை பார்த்தேன். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்கிறது.

நானும் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பெயர் கூப்பிடுவதை விட்டு, அட்டையில் எண் எழுதி டோக்கனாகக் கொடுக்க அனுமதி கேட்டேன். டாக்டர் கேள்விக்குறி போடாமல் ஒப்புக்கொண்ட என் யோசனை அது ஒன்றுதான். பெட்டியின் மேலும் எண், ரிப்போர்ட்டிலும் எண். "பதினேழு" என்று சொல்லும்போது அதோடு சேர்த்து எடுத்துவிட எந்த வார்த்தையும் வராது; எத்தனையோ நாள் முயன்று பார்த்துவிட்டேன். முதல் மாதத்திலேயே பெட்டிகள் அதிகமாயின. பெண்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே கொண்டுவந்தார்கள்.

இதைத்தான் போன் செய்த பெண்ணுக்கும் சொல்ல வேண்டும். எண்பதுகள் முடியும்வரை நான் தனியாக ஒரு நோட்டில் வயது எழுதிவந்தேன். அந்த நோட்டைப் பார்த்தால் வருடம் ஏற ஏற இளம் வயதுக்காரர்கள் கூடுவதுபோலத் தெரியும். அதைக் காட்டி, பார்த்தாயா, அப்போதே நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல நாக்குத் துடிக்கிறது. ஆனால் அது நோய் கூடியதா, நாங்கள் பார்க்கத் தொடங்கியதா, நான் வாயை மூடியதால் வந்தவர்களா என்று அந்த நோட்டை வைத்துச் சொல்ல முடியாது. இன்று நாடு முழுக்க, பல நாடு முழுக்கப் பதிவேடு வைத்து எண்ணுகிறவர்கள் ஐம்பதுக்குக் கீழே கூடுகிறது, வயதானவர்களை முன்கூட்டியே சோதிக்கும் இடங்களில் அந்த வயதில் குறைகிறது என்று சொல்கிறார்கள். அவர்களிடம் இருப்பது கணக்கு. என்னிடம் இருந்தது ஒரு ஜன்னல். முதியவர்களுக்குத்தான் இன்றும் அதிகம் வருகிறது. அதனால் இளையவர்களுக்கு வராது என்று ஆகிவிடாது. அந்த வித்தியாசம் புரியாததால்தான் நாங்கள் வருடக்கணக்கில் களிம்பு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வசந்தா எட்டு மாதம் கழித்துத் தறியில் உட்கார்ந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலூர் போய்ப் பார்த்துக்கொண்டு வருவார். அவருடைய அப்பா மூலத்தில் போனதை டாக்டர் மறக்கவில்லை. உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வசந்தாவிடம் சொல்லிவந்தார். ஓர் அண்ணன் இருந்தார். கல்லுபோல இருக்கிறேன், எனக்கெதற்கு என்று ஒன்றரை வருடம் வராமல் இழுத்தடித்தார்.

கடைசியில் ஒரு நாள் காலை, ஜன்னலுக்கு வெளியே க்யூ நிறைந்திருந்த நேரம், வசந்தா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் எதிரே நிறுத்தினார். அண்ணன் கையில் ஒரு தீப்பெட்டி. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "பேஜார் பண்ணாத வசந்தா, மெதுவா பேசு" என்று தங்கையின் காதருகே சொன்னார். நான் டோக்கனை எடுத்து நீட்டினேன். எண் மட்டும் போதும், பெயர் வேண்டாம் என்று நானே சொன்னேன்.

வசந்தா டோக்கனை வாங்கவில்லை. க்யூ முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எங்க அண்ணன்ங்க. முப்பத்தொரு வயசு. எங்க நைனா முப்பத்தாறுல பூட்டாரு, நான் இருவத்தி நாலுல அறுத்துகினேன். இவருக்கு இன்னும் ஒண்ணும் ஆவல. ஆவறதுக்கு முன்னாடி பாத்துடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் பெட்டியை ஜன்னலில் வைத்தார். அன்று அது இலைப்பச்சைதான் காட்டியது. டாக்டர் விடாமல் வேலூருக்கு அனுப்ப, அங்கே குழாய் விட்டுப் பார்த்து இரண்டு சிறிய முளைகளை எடுத்தார்கள். புற்றாக மாறியிருக்கவில்லை. அதெல்லாம் பிறகு தெரிந்தது.

அந்தக் காலையில், அவர்கள் இருவரும் நகர்ந்த பிறகு, பின்னால் பல்வலிக்கு டாக்டரைப் பார்க்க நின்றிருந்த ஒரு நெசவாளர் ஜன்னலுக்கு வந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். கன்னத்தில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, "எனக்கும் சூடு இருக்குதுங்க, நாலு மாசமா" என்றார்.

நான் பதினெட்டாம் எண் டோக்கனைக் கொடுத்தேன்.